அப்பாவின் சிம்மக்கல்

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து புதூர் போகிற வண்டியில் ரொம்ப வருஷம் ஓடினார். சிம்மக்கல், யானைக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று அந்த வழியில் இருக்கும் பெயர்கள் எனக்கு இன்றைக்கும் அவர் குரலில்தான் கேட்கும். சாயங்கால நெரிசலில் பின்படிக்கட்டில் நின்றபடி அவர் ‘சிம்மக்கல்’ என்று குரல் கொடுத்தால், டிரைவருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கி வழிகிறவர்கூட நிமிர்ந்து பார்ப்பார்.

ஓய்வு பெற்றுச் சில வருஷங்களில் அவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. வலது கையில் நடுக்கம் கொஞ்சம்தான். நாங்கள் முதலில் கவனித்தது குரலைத்தான். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவே இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அப்பாவோ தான் எப்போதும்போலத்தான் பேசுகிறேன் என்று உறுதியாக நம்பினார். “உங்கம்மாவுக்குக் காதைக் காட்டணும் தாயி” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

நான் பேச்சு சிகிச்சை செய்கிறவள். பார்க்கின்சன் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வரை ஏதோ ஒரு கட்டத்தில் குரலோ பேச்சோ பாதிக்கப்படுவதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். சத்தம் சில டெசிபெல் குறையும், ஏற்ற இறக்கம் தட்டையாகும், எழுத்துகள் ஒன்றோடொன்று குழையும். குரல் இறங்கியது பேசுகிறவருக்கே தெரியாது என்பதும் நோயின் ஒரு பகுதிதான். மூளை தன் குரலின் அளவைத் தப்பாகக் கணக்குப் போடுகிறது. இதையெல்லாம் எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் அம்மாவுக்கு விளக்க மட்டும் எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

அப்புறம்தான் கேசட் ஞாபகம் வந்தது. 1996இல் எங்கள் வீட்டுக்கு டேப் ரிக்கார்டர் வந்த புதிதில், தம்பி அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து முழு ரூட்டையும் கூவச் சொல்லிப் பதிந்தான். பரண் மேல் இருந்த அந்தக் கேசட்டைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அதே பெயர்களை இப்போது ஒரு தடவை சொல்லவைத்துப் பதிந்தேன். இரண்டையும் ப்ராட்டில் திறந்தேன்.

ப்ராட் என்பது ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேய்னிங்கும் உருவாக்கிய இலவச மென்பொருள். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பேச்சு என்றே பொருள். பேச்சைப் பற்றி ஆராய்கிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் வைத்திருக்கிறார்கள். குரலைக் கொடுத்தால் அதை ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படமாக விரித்துக் காட்டும். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக அதிர்வெண். எங்கே சத்தம் வலுவாக இருக்கிறதோ அங்கே கருப்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1940களில் இந்தப் படத்தை உண்டாக்கியவர்களுக்கு, காது கேளாதவர்கள் பேச்சைக் கண்ணால் படிக்கலாம் என்ற ஆசையும் இருந்தது.

உயிரெழுத்து வந்தால் படத்தில் கரும்பட்டைகள் கிடைமட்டமாக ஓடும். வல்லினம் வந்தால் வாய் ஒரு கணம் அடைபடும், அந்த இடம் படத்தில் வெள்ளையாக இருக்கும். அடைப்பு திறக்கும்போது மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று விழும். ‘சிம்மக்கல்’ என்றால் நடுவில் ‘க்க’வுக்கு ஒரு நல்ல அகலமான வெள்ளை இருக்க வேண்டும். 1996 அப்பாவிடம் அது இருந்தது, ஜன்னல் மாதிரி. இப்போதைய அப்பாவிடம் அந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை. குரல் நிற்கவே இல்லை. நாக்கின் பின்பகுதி அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எங்கள் துறையில் குரலை அளக்க முதலில் கேட்பது ‘ஆ’. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு முடிந்தவரை இழுத்து ஆ சொல்லச் சொல்வோம். குரல்நாண் ஒவ்வொரு தடவை திறந்து மூடவும் எடுக்கும் நேரம் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்பது ஜிட்டர். சத்தத்தின் அளவு அப்படி வேறுபடுவது ஷிம்மர். ஆவுக்கு மொழி கிடையாது, எந்த நாட்டுக்காரரிடமும் கேட்கலாம் என்பது இதன் வசதி. குரலை வைத்துப் பார்க்கின்சனைக் கண்டுபிடிக்கும் கணினி ஆய்வுகளில் பல, மேக்ஸ் லிட்டில் வெளியிட்ட ஒரே தரவுத் தொகுப்பை நம்பியவை. அதில் 31 பேரின் 195 ஆ பதிவுகள் இருக்கின்றன. அந்த 31 பேரில் 23 பேர் நோயாளிகள். ஒரே ஆளின் பதிவுகளில் சிலவற்றைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கவும் மற்றவற்றைத் தேர்வு வைக்கவும் பயன்படுத்திவிட்டு, துல்லியம் பிரமாதம் என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு. அங்கே கணினி கற்றது நோயையா, அந்த ஆளின் குரலையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இது எனக்குக் கோபம் வரும் விஷயம். இந்த எண்களை நம்பி ஒருவர் தன் தாயின் குரலைப் போனில் சோதித்துவிட்டு அழுதுகொண்டு என்னிடம் வந்திருக்கிறார். அந்தத் தாய்க்கு ஒன்றுமில்லை, ஜலதோஷம்.

ஜிட்டரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1995இல் குரல் ஆய்வாளர் இங்கோ டிட்ஸே தொகுத்த பரிந்துரையில் குரல் அலைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். ஓரளவு சீராகத் திரும்பத் திரும்ப வரும் முதல் வகைக்கு மட்டுமே ஜிட்டரும் ஷிம்மரும் நம்பத்தக்கவை. குரல் மோசமாக உடைந்திருந்தால் ஒரு சுற்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதே மென்பொருளுக்குத் தெரியாது, அது ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அதாவது யாருக்கு நோய் அதிகமோ அவருடைய எண்ணைத்தான் நாம் குறைவாக நம்ப வேண்டும். கேசட்டிலோ இதற்கு வழியே இல்லை. டேப்பை இழுக்கும் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றாது, அந்த ஆட்டம் முழுக்கக் குரலின் ஆட்டமாகப் பதிவாகியிருக்கும்.

அதோடு அப்பாவின் ஆ அவ்வளவு மோசமாகவும் இல்லை. நின்று இழுத்தார். அவர் இழந்தது சிம்மக்கல்லில் இருந்தது.

இங்கே என் படிப்புக் காலத்துக்குப் போக வேண்டும். புராஜெக்டுக்காக ஆங்கிலம் பேசும் பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். கேரி வைஸ்மர் 1984இல் எழுதியது அவற்றில் முக்கியமானது. நோயாளிகள் வல்லினங்களை முழுதாக அடைப்பதில்லை, அடைப்பின்போது உரசல் சத்தம் கசிகிறது, நிற்க வேண்டிய குரல்நாண் நிற்காமல் அதிர்ந்துகொண்டே போகிறது என்று ஸ்பெக்ட்ரோகிராமில் காட்டியிருந்தார். சரி, தமிழிலும் இதையே எண்ணிப் பார்ப்போம் என்று முதலில் ஆரோக்கியமானவர்களைப் பதிந்தேன். ஒப்பிடுவதற்காக என் குரலையும் சேர்த்துக்கொண்டேன். எண்ணி முடித்தபோது அத்தனை பேருக்கும் இந்த அறிகுறிகள் இருந்தன. எனக்கும்.

மகன் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் வருவது அடைப்பா? ஹகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே ஓர் உரசல். ‘அது’ என்னும்போது நாக்கு பல்லை முழுக்க அடைப்பதே இல்லை. ‘கடை’யில் குரல்நாண் ஒரு கணமும் நிற்பதில்லை. தனி வல்லினம் இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் தமிழ் அதை மெலிவாக்கிவிடும். ஆங்கிலக்காரரிடம் நோயின் அடையாளமாக எண்ணப்படுவதை நாம் காலையிலிருந்து ராத்திரிவரை வாய் நிறையப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதை மொழியியல்காரர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். லீ லிஸ்கர் என்ற அமெரிக்கர் 1958லேயே, தமிழ் வல்லினங்களுக்குள் இருக்கும் வேறுபாடு நீளத்திலா குரல்நாண் அதிர்விலா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவரும் ஆர்தர் ஆப்ரம்சனும் 1964இல் 11 மொழிகளின் சொல்முதல் வல்லினங்களை அளந்தபோது தமிழும் அந்தப் பட்டியலில் இருந்தது. வாய் திறந்ததற்கும் குரல்நாண் அதிரத் தொடங்கியதற்கும் இடையே எத்தனை மில்லி செகண்ட் என்ற அவர்களுடைய அளவை இன்றைக்கும் பேச்சுக் கோளாறு ஆய்வுகளில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் ஒரே ‘க’ என்றாலும் அப்பா ‘கல்’லில் ஒன்றையும் ‘கோரிப்பாளைய’த்தில் வேறொன்றையும் சொல்வார். அந்த இரண்டாவதில் அதிர்வு முன்னாடியே தொடங்கிவிடும்.

ஒலியியல் அறிஞர் பீட்டர் லேடஃபோகட் 1983இல் இதே விஷயத்தைக் குரலின் தன்மைக்குச் சொன்னார்: ஒருவருக்குக் குரல் கோளாறாக இருப்பது இன்னொருவர் மொழியில் ஓர் எழுத்தாக இருக்கலாம். குஜராத்தி இதற்கு நல்ல உதாரணம். அங்கே ‘பார்’ என்று தெளிவான குரலில் சொன்னால் பன்னிரண்டு. அதே ஆவை மூச்சுக் காற்று கலந்த குரலில் சொன்னால் வெளியே. குரல்நாண் சரியாகச் சேராத நோயாளியிடம் நாங்கள் குறித்துவைக்கும் காற்றுக் குரல் அது. அகமதாபாத்தில் அதைக் குறித்துவைத்தால் ஊர் முழுக்கச் சிகிச்சைக்கு வர வேண்டியதுதான்.

தமிழில் மூக்கொலியும் இப்படித்தான். அன்னப்பிளவு உள்ள குழந்தைகளுக்குப் பேச்சில் எவ்வளவு மூக்கு வழியாகக் கசிகிறது என்று அளக்கிறோம். ஆனால் வீட்டுத் தமிழில் ‘மரம்’ என்று யாரும் உதட்டை மூடி முடிப்பதில்லை. கடைசி உயிரை மூக்கில் விட்டு முடித்துவிடுகிறோம், ‘அவன்’ என்பதையும் அப்படியே. ஆகவே எந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்கிறோம், எழுத்துத் தமிழிலா பேச்சுத் தமிழிலா என்பதைப் பொறுத்து அளவே மாறிவிடும். ழகரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஸ்ரீகாந்த் நாராயணனும் அவரோடு சேர்ந்தவர்களும் 1999இல் எம்.ஆர்.ஐ. எடுத்து ர, ற, ல, ள, ழ ஐந்துக்கும் நாக்கு எப்படி வளைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு பெரியவர் ‘பளம்’ என்றால் அது ஊர் வழக்கு. அதைப் பிழை என்று குறிக்கும் பரிசோதனைத் தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். நாக்கின் வேகத்தைப் பார்க்க ஆங்கிலத்தில் ப, ட, க ஒலிகளைச் சேர்த்து வேகமாகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். அதை அப்படியே கொண்டுவந்து, காகிதத்தில் ‘பதக’ என்று எழுதிக் கையில் கொடுத்தால் தமிழ் படித்தவர் தகரத்தையும் ககரத்தையும் தன் மொழியின் வழக்கப்படி மெலித்துத்தான் படிப்பார். அவர் படித்தது சரி. நாம் எழுதிக் கொடுத்ததுதான் தப்பு. இப்போது நான் எழுதிக் கொடுப்பதில்லை, வாயால் சொல்லிக் காட்டித்தான் கேட்கிறேன்.

கொலம்பியாவில் ஹுவான் ரஃபேல் ஒரோஸ்கோ-ஆரொயாவே குழுவினர் ஸ்பானிஷ் பேசும் 50 நோயாளிகளையும் 50 ஆரோக்கியமானவர்களையும் பதிந்து ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். அதை ஜெர்மன், செக் பதிவுகளோடு சேர்த்துச் சோதித்தபோது, ஒரு மொழியில் கற்ற கணினி இன்னொரு மொழியில் தடுமாறியது. அந்த இன்னொரு மொழியின் பதிவுகளில் கொஞ்சத்தையாவது சேர்த்துக் கற்றுக்கொடுத்ததும் தேறியது. எனக்கு அதில் நம்பிக்கை வந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ தமிழில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரிப் பேச்சு ஆய்வகம் தயாரித்த தொகுப்பு ஒன்று 2021இல் வெளியாகியிருக்கிறது. பேச்சுத் தசைகள் பாதிக்கப்பட்ட 20 பேர், பாதிப்பில்லாத 10 பேர், ஏறத்தாழ எட்டு மணி நேரத் தமிழ்ப் பேச்சு. பெருமூளை வாதம் உள்ளவர்களின் குரல்கள் அவை. பேசுவதற்கே அவ்வளவு சிரமப்படுகிறவர்கள் பொறுமையாக உட்கார்ந்து சொல் சொல்லாகப் பதிந்து தந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நேரில் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, தமிழில் மெலிந்த வல்லினம் நோய் இல்லை என்றால், தமிழில் நோய் எங்கே தெரியும்? இதற்குப் பதில் எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை. ஒரு மே மாத மத்தியானம் வீட்டில் கரண்ட் போயிருந்தது. அப்பா கட்டிலில் படுத்தபடி “காத்தே இல்ல” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “எனக்குத்தான் காதே இல்லன்னு எத்தன தடவ சொல்வீங்க?” என்று கண்கலங்கிவிட்டார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெறும் காற்றைப் பற்றித்தான் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பத் திரும்ப அது ‘காது’ என்றே கேட்டது.

காது, காத்து. பாடு, பாட்டு. மகள், மக்கள். தமிழ் தன் வல்லினத்தை ஒற்றில் வைத்திருக்கிறது. தனி வல்லினம் மெலியலாம், அதற்கு மொழியே இடம் கொடுத்திருக்கிறது. இரட்டித்த வல்லினம் மெலிந்தால் சொல்லே வேறாகிவிடும். நம் இலக்கணம் ஒற்றுக்கு அரை மாத்திரை கொடுத்தது. படத்தில் அந்த அரை மாத்திரைதான் வெள்ளை ஜன்னலாகத் தெரிகிறது. அப்பாவிடம் மூடிப்போனது அதுதான். ஆங்கிலத் தாளை வைத்து அவரைச் சோதித்திருந்தால் மகனையும் மக்களையும் ஒரே கணக்கில் எழுதி, ஆரோக்கியமான மெலிவையும் நோயின் மெலிவையும் கூட்டிப் போட்டிருப்பார்கள். அவர் உண்மையில் இழந்தது அந்தக் கூட்டலில் தொலைந்துபோயிருக்கும்.

மறுபடி கேசட்டை எடுத்தேன். டேப் வேகம் சரியாக இருந்ததா என்று தெரியாது, ஆகவே மில்லி செகண்டை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஒரு சொல்லின் மொத்த நீளத்தில் அடைப்பு எவ்வளவு பங்கு என்று பார்த்தால் வேகம் எப்படி இருந்தாலும் பங்கு மாறாது. சிம்மக்கல், யானைக்கல், டிக்கெட், ‘படிக்கட்டுல நிக்காதீங்க’ என்று இரட்டித்த வல்லினம் வரும் எல்லா இடத்தையும் எண்ணினேன். கேசட்டில் ஒவ்வொன்றிலும் ஜன்னல் திறந்திருந்தது. இப்போதைய பதிவில் பாதி இடங்களில் ஜன்னலே இல்லை, இருந்த இடத்திலும் ஒடுங்கியிருந்தது. ‘தல்லாகுளம்’ மட்டும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. லகரத்துக்கு வாயை முழுக்க அடைக்க வேண்டியதில்லை, அதனால் இருக்கலாம். ஒரே ஆளின் இரண்டு பதிவை வைத்து நான் எதையும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் யாராவது தமிழுக்கு ஒரு பரிசோதனை எழுதினால் அதில் முதல் பக்கம் ஒற்றுக்குக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியும்.

சிகிச்சைக்கு லீ சில்வர்மன் முறையை எடுத்துக்கொண்டேன். பார்க்கின்சன் இருந்த ஓர் அம்மையாரின் பெயரால் லொரெய்ன் ரமிக் 1987இல் தொடங்கியது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒரு மணி நேரம். நோயாளியிடம் சொல்வது ஒன்றே ஒன்று: சத்தமாகப் பேசுங்கள். சரியான சத்தம் வந்ததும் அப்பா முகத்தைச் சுளித்தார். “கத்துற மாதிரி இருக்கு தாயி.” போன் திரையில் டெசிபெல்லைக் காட்டி, “இதுதாம்ப்பா சாதாரணப் பேச்சு” என்றேன். பயிற்சிச் சொற்களை அவருடைய ரூட்டிலிருந்தே எடுத்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். ஃபேனை நிறுத்துங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் ரீங்காரம் 100லும் விழும். ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண்ணும் அந்தப் பக்கம்தான், மென்பொருள் ஏமாந்துவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஒவ்வொரு முறையும் அதே ஒரு சாண். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாக வேண்டாம், அது குரலைச் சுருக்கிவிடும். சுருக்காமல் சேமிக்கிற ரிக்கார்டர் ஆப் இலவசமாகவே கிடைக்கும். செய்தித்தாளைப் படிக்கவைக்காதீர்கள், படிக்கும் தமிழ் வேறு. சமையலைப் பற்றியோ அவர் பார்த்த வேலையைப் பற்றியோ ஐந்து நிமிஷம் பேசவிடுங்கள். காத்து, பாட்டு, மக்கள் எல்லாம் தானாக வந்துவிடும்.

நான்காவது வாரம் வெள்ளிக்கிழமை எடுத்த பதிவு என் மேஜையில் திறந்திருக்கிறது. மூச்சை இழுக்கிறார், நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார், அந்தச் சத்தம்கூட விழுந்திருக்கிறது. அப்புறம் ‘சிம்மக்கல்’. நடுவில் வெள்ளை. 1996 அளவுக்கு அகலம் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் இருக்கிறது. பதிவின் கடைசியில் அம்மாவின் குரல் தூரத்தில் கேட்கிறது: “ஏன் இப்படிக் கத்துறீங்க?”